கீழ்கரை விருந்தாளி

தொகாசாவா ஊர் வந்துவிட்டதை முதலில் சொன்னது என் மூக்குதான். பேருந்து ஜன்னல் வழியாக அழுகின முட்டை வாசனை குப்பென்று அடித்தது. மலைக்கு அடியில் கொதிக்கும் கந்தகம். ராத்திரி முழுக்கச் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, கிடங்குச் சட்டையோடேயே சைத்தாமாவில் முதல் ரயிலைப் பிடித்தவன் நான். அந்த நாற்றம் மண்டையில் ஏறியதும் தூக்கம் ஓடிப்போனது.

நிறுத்தத்தில் அக்கா மிசுஹோ காத்திருந்தாள். பக்கத்தில் ஊரின் முடிதிருத்துபவர் யுசா. இன்றைய போட்டிக்கு அவர்தான் நடுவர். என்னைப் பார்த்ததும் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். நான் தலையை ஒரு தடவை ஆட்டினேன்.

அக்கா என் முதுகில் கிள்ளினாள். "கழுத்துல ஆணி அடிச்சிருக்கா உனக்கு? குனிஞ்சா என்ன கொறைஞ்சு போயிடுவே?"

"ராத்திரி பூரா குனிஞ்சு பெட்டி தூக்கிட்டு வர்றேன். இன்னொரு தடவை குனிஞ்சா நிமிர மாட்டேன்."

யுசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "விடும்மா. குனியாத ஆளை இந்த ஊரு பாத்ததே இல்ல. பாக்கட்டும்."

தெரு முழுக்கக் கொடியும் காகித விளக்கும். சில்வண்டுகள் காதைக் கிழித்தன. ஓடையோரமாகக் குழந்தைகள் ஓடினார்கள், பின்னாலேயே நாய்கள் ஓடின, நாய்களுக்குப் பின்னால் தபால்காரரும் ஓடினார். கோவில் மைதானத்தில் யாரோ முரசைத் தட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு அடியும் என் நெஞ்சுக்குள் விழுந்தது. கல்லூரியைப் பாதியில் விட்டவனை, பகலில் தூங்குகிறவனை, யாரும் எந்த விசேஷத்துக்கும் கூப்பிடுவதில்லை. எனக்கும் அது வசதிதான். ஆனால் முந்தாநாள் அக்கா போனில் சொன்ன வாக்கியத்துக்கு எனக்கு மறுப்பே வரவில்லை.

"ஷூகோ, உன்னைக் கொதிக்கிற தண்ணியில உக்கார வைக்கணும். வர்றியா?"

அக்கா இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளும் அத்தான் எய்சுகேயும் ஊரின் கீழ்ப்பாதியான கீழ்கரையில் விடுதி நடத்துகிறார்கள். கீழ்கரையில் முன்பு வேறு விடுதிகளும் இருந்தன. இப்போது இது ஒன்றுதான். உள்ளே ஒரு சின்னக் குளியலறை. வெளியே, ஓடைக்கு மேலே, பாறைகளை அடுக்கிக் கட்டிய அருமையான திறந்தவெளித் தொட்டி. அதில் தண்ணீர் கிடையாது. காய்ந்த இலைதான் கிடந்தது.

காரணம் இதுதான். மலையில் ஊறும் வெந்நீரில் ஒவ்வொரு விடுதிக்கும் அளவாக ஒரு பங்கு வரும். அது உள்ளே குளிக்கத்தான் போதும். அதற்கு மேல் வழிகிற மிச்ச நீர் முழுவதும் ஒரு மரக் கதவு வழியாக ஒரே பக்கம் போகும். மேல்கரைக்கு, இல்லாவிட்டால் கீழ்கரைக்கு. எந்தப் பக்கம் என்பதை நடுக்கோடையில் நடக்கும் போட்டி முடிவு செய்யும். ஜெயித்தவர்களுக்கு அடுத்த கோடை வரை மிச்ச நீர். பல வருடமாக மேல்கரைதான் ஜெயிக்கிறது. வெளித்தொட்டியில் தண்ணீர் இல்லாத விடுதியைத் தேடி மலையேறி யார் வருவார்கள்?

"இந்த வருஷமும் போச்சுன்னா இலையுதிர் காலத்தோட மூடிடுவோம்" என்றாள் அக்கா, தெருவில் நடந்தபடியே, மீன் விலை சொல்வது போல. "அவருக்கு மத்சுமோட்டோ டவுன்ல ஒரு சாப்பாட்டுக் கடையில வேலை பாத்து வச்சாச்சு. நான் சூப்பர் மார்க்கெட்டுல நிப்பேன்."

"நிப்பியா?"

"நிக்க மாட்டேன். அதுக்குத்தான் உன்னைக் கூப்பிட்டேன்."

போட்டி இப்படி நடக்கும். மைதானத்தில் இரண்டு மரத் தொட்டிகள். இரண்டு கரைக்காரர்களும் மேலே ஊற்றுவாயிலிருந்து வெந்நீரை வாளியில் மொண்டு, காவடியில் சுமந்து வந்து, தொட்டியில் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக் கூடாது. பலகை போட்டுக் கிளறி ஆற்றலாம், அவ்வளவுதான். பிறகு விருந்தாளி இறங்க வேண்டும். இந்த ஊர்ச் சாமி வெளியூரிலிருந்து கால் புண்ணோடு வந்த வழிப்போக்கன் என்பதால், புதுத் தண்ணீரில் முதலில் உட்காருகிறவன் வெளியூர்க்காரனாகத்தான் இருக்க வேண்டும். அவன் தோள் வரை அமிழ்ந்ததும் அந்தக் கரையிலிருந்து எட்டு பேர் ஒவ்வொருவராக, மைதான ஓரத்தில் கட்டிய கயிற்றைத் தாண்டி வந்து, மண்டியிட்டு, "தண்ணி எப்படி இருக்கு விருந்தாளி?" என்று கேட்பார்கள். ஒருவர் திரும்பிப் போய்க் கயிற்றைத் தொட்ட பிறகுதான் அடுத்தவர் வரலாம். விருந்தாளி எட்டு பேருக்கும் "இதமா இருக்கு" என்று சொல்ல வேண்டும். சுடுகிறது என்று சொன்னாலோ, தோள் வெளியே தெரிந்தாலோ, மறுபடி முதல் ஆளிலிருந்து. எந்தக் கரையின் எட்டாவது ஆள் முதலில் கயிற்றைத் தொடுகிறாரோ அந்தக் கரை ஜெயித்தது.

உயிர் போனாலும் முகம் கோணாமல் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவன் நல்ல விருந்தாளி. நம் நாட்டையே ஒரு தொட்டிக்குள் அடக்கியது மாதிரி ஒரு விளையாட்டு.

மைதானத்தில் நெற்றியில் துண்டு கட்டிக்கொண்டு கீழ்கரைக்காரர்கள் நின்றார்கள். நூடுல்ஸ் கடை நடத்தும் கன்னோவுக்கு ஊரெல்லாம் கேட்கிற குரல். என்னைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"மிசுஹோ, இது உன் தம்பியா, துணி காயப்போடுற கம்பா?"

எதிர்ப்பக்கம் குனிஹிரோ சிரித்தான். மேல்கரையின் நாலு மாடி ஹோட்டல் அவன் குடும்பத்தினுடையது. "ஏய் கீழ்கரை! இந்தக் கோழிய வேக வச்சா ஒரு கிண்ணம் சூப்புகூடத் தேறாதே!"

"தேறுற சூப்பை நாங்க குடிச்சுக்குறோம், நீ எலும்பை நக்கிக்கோ!" என்றாள் கன்னோ.

குனிஹிரோவுக்குப் பக்கத்தில் அவர்களின் விருந்தாளி நின்றிருந்தார். பெயர் பன்டோ. ஒசாக்காக்காரர். ஆள் மலை மாதிரி. ஒரு பெரிய துணிக்கடையின் வாசலில் காலமெல்லாம் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லோரையும் வணங்கி ஓய்வு பெற்றவர். வருடா வருடம் கோடையில் மேல்கரை ஹோட்டலுக்கு வந்து, வருடா வருடம் அவர்களை ஜெயிக்க வைப்பவர். என்னிடம் வந்து அழகாகக் குனிந்தார்.

"உங்களோட உக்கார்றது எனக்குப் பெருமைங்க. உடம்பப் பாத்துக்கோங்க. ரொம்ப முடியலைன்னா எந்திரிச்சிருங்க, ஒண்ணும் தப்பில்லைங்க."

அது அக்கறையா மிரட்டலா என்று எனக்குத் தெரியவில்லை. "நீங்களும் எந்திரிச்சிருங்க" என்றேன். கன்னோ கைதட்டினாள்.

யுசா முரசை அறைந்தார்.

எல்லோரும் மலையை நோக்கிப் பாய்ந்தார்கள். விருந்தாளிகள் சுமக்கக் கூடாது, ஆனால் ஓடுவதற்குத் தடை இல்லை. நானும் ஓடினேன். பெரணிச் செடிகளுக்கு நடுவே படிகள் செங்குத்தாக ஏறின. ஊற்றுவாயில் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது. நீராவியில் ஆள் முகம் தெரியவில்லை. வாளிகள் ஒன்றோடொன்று மோதின. "தள்ளு! தள்ளுடா!" "யார் கால் இது?" "என் கால்தான், மிதிக்காதே!" மேல்கரைக்காரர்கள் இளைஞர்கள், ஹோட்டல் ஊழியர்கள். மொண்ட வேகத்தில் பறந்தார்கள். நம் பக்கம் அக்கா, அத்தான், கன்னோ, டோஃபு செய்கிறவர், இரண்டு விவசாயிகள், பல் மருத்துவர், அவருடைய மனைவி. அத்தானுக்குப் போன வாரம் கணுக்கால் பிசகியிருந்தது. நொண்டிக்கொண்டே ஓடினார். காவடி ஒரு பக்கம் தாழ்ந்து தாழ்ந்து எழும்ப, வாளியிலிருந்து தளும்பிய வெந்நீர் அவர் காலிலேயே கொட்டியது. ஒவ்வொரு முறை கொட்டும்போதும் ஒரு கெட்ட வார்த்தை. ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை.

"அத்தான், இவ்வளவு எங்க கத்துக்கிட்டீங்க?"

"சமையக்கட்டுலடா மாப்ளே! வழிய விடு!"

நான் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே சிரித்தேன். எனக்கே ஆச்சரியம். கிடங்கில் ஒரு வருடத்தில் இவ்வளவு சிரித்ததில்லை.

மேல்கரைத் தொட்டி முதலில் நிரம்பியது. அவர்கள் பலகைகளை இறக்கிக் கிளற ஆரம்பித்தபோது எங்கள் தொட்டியில் கோட்டுக்கு இன்னும் இரண்டு சாண் பாக்கி. ஆனால் வேகமாக வந்த தண்ணீர் சூடாகவும் வந்திருந்தது. கிளறுகிறார்கள், கிளறுகிறார்கள், பன்டோ விரலை விட்டுப் பார்த்துத் தலையசைக்கிறார். எங்கள் தண்ணீர் தள்ளாடித் தள்ளாடி வந்ததால் வழியிலேயே கொஞ்சம் ஆறியிருந்தது. நாங்கள் நிரப்பி முடித்தபோதுதான் பன்டோ அவர்கள் தொட்டியில் இறங்கினார். மேல்கரை ஆர்ப்பரித்தது.

நான் பலகையை எடுத்துக் கிளற ஆரம்பித்ததுமே அக்கா அதைப் பிடுங்கினாள். "போதும், எறங்கு."

"இன்னும் புகையுதே?"

"அவரு எறங்கிட்டாருடா! அசையாம உக்காரு. அசைஞ்சாத்தான் சுடும். பொணம் மாதிரி இரு, உனக்கு அது வரும்." சொல்லிக்கொண்டே, உடம்பு சூட்டுக்குப் பழகட்டும் என்று வெந்நீரை மொண்டு மொண்டு என் தலையில் ஊற்றினாள்.

கால்சட்டையோடு இறங்கினேன். கணுக்காலில் ஆயிரம் ஊசி. முழங்காலில் இன்னொரு ஆயிரம். பல்லைக் கடித்துக்கொண்டு தோள் வரை அமிழ்ந்தேன். சருமம் முழுவதையும் ஒரே இழுப்பில் உரித்து எடுத்த மாதிரி இருந்தது. அதன் பிறகு, அசையாமல் இருந்தபோது, அக்கா சொன்னது சரி என்று தெரிந்தது. உடம்பைச் சுற்றித் தண்ணீர் மெல்லியதாக உறைந்து நின்றது. அதைக் கலைக்காத வரை பிழைக்கலாம்.

பல் மருத்துவர் கயிற்றைத் தாண்டி வந்து மண்டியிட்டார். "தண்ணி எப்படி இருக்கு விருந்தாளி?"

"இதமா இருக்கு."

அவர் ஓடினார். எதிர்த் தொட்டியில் பன்டோ ஏற்கெனவே நாலாவது ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் நடுக்கமே இல்லை. "ரொம்ப இதமா இருக்குங்க. ரொம்ப நன்றிங்க." ஒரு சொல் போதும் என்கிற இடத்தில் நாலு சொல். முகம் மட்டும் வேகவைத்த நண்டு நிறம்.

மருத்துவரின் மனைவி வந்து போனாள். டோஃபுக்காரர் வந்தார். மண்டியிடும்போது அவர் முழங்கால் தொட்டியில் இடித்தது. தண்ணீர் ஒரு அலை அடித்தது. கண்ணில் பூச்சி பறந்தது.

"ஐயோ, மன்னிச்சிருங்க, மன்னிச்சிருங்க!"

"கேள்வியக் கேளுய்யா!"

"தண்ணி எப்படி இருக்கு விருந்தாளி?"

"இதமா இருக்கு! போ!"

அங்கே ஏழாவது ஆள் முடித்துவிட்டான். எங்களுக்கு மூன்றுதான். அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

எட்டாவது ஆளாக எப்போதும் குனிஹிரோதான் வருவானாம். இந்த வருடம் அவன் வரவில்லை. கையை நீட்டி வழி காட்டினான். கூட்டம் விலகியது. சாம்பல் நிறப் பட்டு கிமோனோவில், இந்த வெயிலிலும் ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், அவன் அம்மா ஹிசாயோ நடந்து வந்தார். மேல்கரை ஹோட்டலின் எஜமானி. இத்தனை வருடமாக உழைத்த விருந்தாளியை நேரில் கௌரவிக்க வேண்டும் என்று மகன் செய்த ஏற்பாடு. ஊர் முன்னால் கொஞ்சம் பெருமையும் இருக்கத்தான் செய்தது.

அவர் மண்டியிட்டார். இரண்டு கையையும் தரையில் வைத்தார். நெற்றி தரையைத் தொடும் வரை வணங்கினார்.

"வருஷா வருஷம் எங்களுக்காகச் சிரமப்படுறீங்க. தண்ணி எப்படி இருக்குங்க விருந்தாளி?"

பன்டோ எழுந்தார்.

யோசித்து எழவில்லை. ஒரு பெண்மணி அவருக்கு முன்னால் தரையில் தலை வைத்திருக்கும்போது அந்த முதுகெலும்பால் உட்கார்ந்திருக்க முடியாது. அவ்வளவுதான். இடுப்பு வரை தண்ணீர் வழிய, சிவந்த மலை மாதிரி எழுந்து நின்று, கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்து, ஆழமாகக் குனிந்தார். "ரொம்ப இதமா இருக்குங்க. உங்களுக்கு எதுக்குங்க சிரமம்."

பிறகு யுசாவின் குச்சி முரசின் விளிம்பில் பட்டது.

"மேல்கரை! தோள் தெரிஞ்சிடுச்சு! முதல் ஆள்லேர்ந்து!"

மைதானம் வெடித்தது. "அம்மா, நீங்க ஏம்மா அவ்வளவு குனிஞ்சீங்க!" என்று குனிஹிரோ தலையில் அடித்துக்கொண்டான். "நீதாண்டா கூப்பிட்டே!" என்றார் அம்மா. பன்டோ அதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மறுபடி அமிழ்ந்தார். கன்னோ கூத்தாடினாள். "ஒசாக்காவுக்கு ஜே! மரியாதைக்கு ஜே!"

இப்போது அது உண்மையான பந்தயம். மேல்கரை இளைஞர்கள் பறந்தார்கள். கயிறு, மண்டி, கேள்வி, கயிறு. எங்கள் விவசாயி ஒருவர் வந்தார், இன்னொருவர் வந்தார். என் காதுக்குள் முரசு ஒலித்தது. யுசா அடிக்கவில்லை, அது என் ரத்தம். கன்னோ வந்து மண்டியிட்டுக் கண்ணடித்தாள். "தண்ணி எப்படி இருக்கு விருந்தாளி?" "இதமா இருக்கு." அத்தான் நொண்டிக்கொண்டு வந்தார். அவர் வந்து போகிற நேரத்தில் எதிரே மூன்று பேர் முடித்தார்கள். மண்டியிட முடியாமல் பக்கவாட்டில் விழுந்து, விழுந்தபடியே கேட்டார்.

"தண்ணி எப்படி இருக்கு மாப்... விருந்தாளி?"

"இதமா இருக்கு. எந்திரிங்க அத்தான், ஓடுங்க!"

"எங்கடா ஓடுறது!" ஊர்ந்து போய்க் கயிற்றைத் தொட்டார்.

மிச்சம் அக்கா ஒருத்திதான். எதிரே ஆறாவது ஆள் கிளம்பினான். அக்கா பாய்ந்து வந்தாள், மண்டியிட்டாள், என் முகத்தைப் பார்த்தாள்.

அப்படியே உறைந்துபோனாள்.

ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விருந்தாளியிடமும் அவள் கேட்கிற கேள்வி அது. தூக்கத்தில் எழுப்பினாலும் வரும். இப்போது வரவில்லை. வாய் திறந்தது, மூடியது. எதிரே ஆறாவது ஆள் கயிற்றைத் தொட்டான்.

"உன் மூஞ்சி... ஷூகோ, உன் மூஞ்சி என்னடா இப்படி..." என்றாள். "வெளிய வாடா. போதும், வந்துடு."

"கேள்விய இன்னும் கேக்கல!" என்றார் யுசா. "கீழ்கரை, கேள்வி!"

எதிரே ஏழாவது ஆள் மண்டியிட்டான். என் கண் முன்னால் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. அக்காவின் கை என் தோளைத் தூக்க வந்தது. தோள் தெரிந்தால் எல்லாம் போச்சு. நான் கத்தினேன். அசையாமல், கழுத்தை மட்டும் திருப்பி, என்னால் முடிந்த மட்டும்.

"லூசு அக்கா! கைய எடு! விடுதிக்கு வர்றவன்கிட்ட என்ன கேப்பியோ அதக் கேளு!"

அது வேலை செய்தது. அவள் முதுகு நிமிர்ந்தது. விடுதிக்காரியின் குரல் தானாக வந்தது, மரியாதையாக, சுத்தமாக.

"தண்ணி எப்படி இருக்கு விருந்தாளி?"

"இதமா இருக்கு" என்றேன்.

அவள் எழுந்து ஓடவில்லை, பறந்தாள். எதிரே குனிஹிரோ எட்டாவது ஆளாகப் பாய்ந்து வந்து மண்டியிட்டுக் கேட்டேவிட்டான். பன்டோ பதிலை ஆரம்பித்திருந்தார். "ரொம்ப இதமா இருக்குங்க, ரொம்ப..." என்று இழுத்தபோது அக்காவின் கை கயிற்றில் பட்டது.

முரசு.

பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். நாலு கை என்னைத் தூக்கியது. யாரோ ஓடையில் போட்டார்கள். பனிக்கட்டித் தண்ணீர். கத்தினேன். வானம் நீலமாக இருந்தது. பக்கத்தில் இன்னொரு பெரிய உடம்பு விழுந்து தண்ணீர் தெறித்தது. பன்டோ. இரண்டு பேரும் கல்லில் தலை வைத்து மூச்சு வாங்கினோம்.

"வாழ்த்துகள்ங்க" என்றார் அவர், படுத்தபடியே தலையைத் தாழ்த்த முயன்று.

"படுங்க சார். மூக்குல தண்ணி போகும்."

மாலையில் மரக் கதவைத் திருப்பினார்கள். அது ஊறிப் போய் இறுகியிருந்தது. பல வருடமாக ஒரே பக்கம் இருந்த கதவு. குனிஹிரோதான் சுத்தியல் கொண்டு வந்து, கீழ்கரைக்காரர்களோடு சேர்ந்து அடித்தான். கதவு ஒரு முனகலோடு திரும்பியதும் எல்லோரும் கால்வாய் ஓரமாகத் தண்ணீரோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடி இறங்கினோம். அத்தானை இரண்டு விவசாயிகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அக்காவின் வெளித்தொட்டியில் முதலில் சேறு வந்தது. பிறகு ஒரு மூட்டை இலை. பிறகு, திடுக்கிட்டுத் துள்ளி ஓடிய ஒரு தவளை. பிறகு பழுப்புத் தண்ணீர், கலங்கல் தண்ணீர், கடைசியில் பால் கலந்த மாதிரி புகையும் தண்ணீர். கன்னோ சத்தம் போட்டு அழுதாள், அழுதுகொண்டே எல்லோருக்கும் தர்ப்பூசணி வெட்டினாள். பன்டோ வாசலில் நின்று, அடுத்த கோடைக்கு இங்கே ஒரு அறை கிடைக்குமா என்று அத்தானிடம் பணிவாகக் கேட்டார். "டேய், என் விருந்தாளிடா அவரு!" என்று குனிஹிரோ கத்தினான். "கீழ்கரைக்கும் வரட்டுமே, உங்க பக்கம் உக்காந்தா உன் அம்மாவப் பாத்து மறுபடி எந்திரிச்சுடுவாரு" என்றாள் கன்னோ.

கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ராத்திரி மறுபடி பெட்டி தூக்க வேண்டும். உடம்பு முழுக்கச் சிவப்பு, தொட்டால் எரிந்தது. ஆனாலும் பாறை மேல் உட்கார்ந்து இரண்டு காலையும் தொட்டிக்குள் விட்டேன்.

அக்கா கையில் துடைப்பத்தோடு வந்தாள். இலைகளை அள்ளிக்கொண்டே, என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"தண்ணி எப்படி இருக்கு விருந்தாளி?"

"சுடுது" என்றேன். "உயிர் போற மாதிரி சுடுது. மத்தியானமும் அப்படித்தான் சுட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லாதே."

காலை எடுக்கவில்லை.